ரமோனுக்கு இன்னொரு கரண்டி

உக்காரு அம்மிணி, உக்காரு. பையை இப்படிக் குடு, மடியில வெச்சுக்கறேன். பொள்ளாச்சிக்கா? நானும் அங்க எறங்கித்தான் ஆனைமலை பஸ்சு புடிக்கோணும், மாசாணியம்மன் கோயிலுக்கு. சாயங்காலம் மேட்ச்சு இருக்குது பாரு, அதுக்குத்தான். கிரிக்கெட்டு இல்ல அம்மிணி, கால்ல ஒதைக்கற பந்து. நம்ம வீட்டு மாடியில ஒரு ஸ்பெயின்காரன் குடியிருக்கறான், ரமோன்னு பேரு. கோல் போடறது அவன் வேலை. போட வெக்கறது என்ற வேலை.

சிரிக்கறயா? சிரி, சிரி. மொதல்ல எல்லாரும் சிரிச்சவங்கதான்.

ஒண்டிப்புதூர்ல வீடு. கீழ நாங்க, மேல வாடகைக்கு. வீடு நல்ல வீடு, ஆனா தெருக்குத்து. நேரா ஒரு தெரு வந்து நம்ம வாசல்ல முட்டுது. அப்படி இருந்தா ஆகாதுன்னு சொல்லுவாங்கல்ல, அதை ஊரெல்லாம் தண்டோரா போட்டவ என்ற நாத்தனா பாவாத்தா. மொதல்ல குடியிருந்த பேங்க்காரரை எங்கியோ வடக்க மாத்திப்போட்டாங்க. அடுத்தாப்புல வந்த புருசனும் பொண்டாட்டியும் சண்டை கட்டிட்டு ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. அதுக்கு வீடு என்ன பண்ணும்? ஒரு கல்யாணத்துல, நான் பக்கத்துப் பந்தியில உக்காந்திருக்கறேன், எனக்குக் கேக்கற மாதிரியே சொல்றா: "அந்த மாடி ஏறுனவன் எவன் வெளங்குனான்?" எனக்கு எலையில இருந்த ஜிலேபி எறங்கல. வீட்டுக்கு ஒரு பேரு வந்துட்டா அப்புறம் பெயிண்டு அடிச்சா போயிருமா, சொல்லு.

அந்த நேரத்துலதான் பந்து கிளப்புக்காரங்க வந்து, வெளிநாட்டு ஆட்டக்காரனுக்கு வீடு வேணும்னாங்க. தெருக்குத்தைப் பத்தி அவங்க கேக்கல, நானும் சொல்லல. அன்னைக்கே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். இவனை வெளங்க வெச்சுக் காட்டறேன் பாருன்னு.

ரமோன் லேசுப்பட்ட ஆளு இல்ல அம்மிணி. என்ற வீட்டுக்காரரு பம்ப்செட்டுப் பட்டறை வெச்சிருக்கறாரு. வெளிநாட்டுக்காரங்ககிட்ட ஏவாரம் பேசிப்பேசி இங்கிலீசு வரும். அவருதான் அவன்கிட்டக் கேட்டுக்கேட்டு எனக்குச் சொல்லுவாரு. ஸ்பெயின்ல வடக்க, கடலோரத்துல ஒரு சின்ன ஊராம். அப்பாவுக்கு மீன் டப்பா அடைக்கற கம்பெனியில வேலை. இவன் பொடுசா இருக்கறப்பவே ஒரு பெரிய கிளப்புல புடிச்சுட்டுப் போயிட்டாங்க. பத்தொம்பது வயசுல மொதத்தர லீக்குல எறக்கிவிட, எறங்குன அன்னைக்கே கோலு. பேப்பர்ல கொட்டை எழுத்துல பேரு. ஊரே தூக்கி வெச்சுக் கொண்டாடியிருக்குது. கண்ணு பட்டுப்போச்சு, அடுத்த மாசமே முழங்கால் போயிருச்சு. எந்திரிச்சு வந்து பாத்தா அந்த எடத்துல வேற ஒருத்தன் நிக்கறான். அப்புறம் ரெண்டாந்தர லீக்கு, கிரீசு, சைப்ரசு, தாய்லாந்துன்னு ஊரு ஊரா பொட்டியத் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கறான். எல்லா ஊர்லயும் கொஞ்சம் கோலு, கொஞ்சம் கைதட்டு, அப்புறம் டாட்டா. இங்க வந்தப்ப முப்பத்தி நாலு வயசு. பந்துக்காரனுக்கு அது நமக்கு அறுவது மாதிரியாம். இங்கயும் ஆகலைன்னா பூட்ஸைக் கழட்டி வெச்சுட்டு அண்ணன்கூட மீன் டப்பா கம்பெனிக்குப் போக வேண்டியதுதான்னு அவனே சொன்னான். இவனும் பொட்டியத் தூக்கிட்டுப் போனா பாவாத்தா வாயை யாரு அடைக்கறது?

வந்த அன்னைக்கே பாத்தேன், கன்னம் ரெண்டும் ஒட்டிப்போயிக் கெடக்குது. கிளப்புல இருந்து மத்தியானத்துக்கு ஒரு டப்பா வரும். தொறந்து பாத்தா உப்பு ஒறப்பு இல்லாம அவிச்ச கோழி, பச்சைத் தழை. எங்க தெரு நாயே மோந்து பாத்துட்டு அந்தப் பக்கம் போயிருச்சு. ஓடியாடிப் பொழைக்கற ஆம்பளை இதைத் தின்னுட்டு எப்படி ஓடுவான்? டப்பாவை வாசல்லயே வாங்கி வெச்சுக்குவேன். "கண்ணு, கீழ வா, சோறு திங்க"ன்னு கையைக் காட்டிக் கூப்புடுவேன். வந்துருவான். தங்கமான பையன்.

மேட்ச்சு அன்னைக்குன்னா கேக்கவே வேண்டாம். நாட்டுக்கோழி அடிச்சு, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய்யை ஊத்தி, கூடவே இனிப்புக்கு ஒப்புட்டு. மறுவூட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குப் போடற மாதிரி எலை போட்டு நின்னு பரிமாறுவேன். அவனுக்குக் காலை மடக்கி உக்கார வராது, முழங்கால் முழுசா மடங்காது, இருந்தாலும் உக்காருவான். அவன் பழகுன மொதத் தமிழ் வார்த்தையே "போதும்"தான் அம்மிணி. எனக்கு அப்படியே நெஞ்சு குளுந்து போச்சு. பாரு, ஸ்பெயின்ல பொறந்தவனுக்கு எம்புட்டு மரியாதை தெரிஞ்சிருக்குதுன்னு. நம்ம பக்கம் விருந்துக்கு வந்த எந்த ஒறம்பரைதான் போதும்னு சொல்லாம எந்திரிக்கறாங்க? அவங்க போதும்னு சொல்றது மொறை, நாம எச்சா ஒரு கரண்டி போடறது மொறை. போதும்னு சொன்னதை நெசம்னு நெனைச்சு சட்டியை எடுத்துட்டுப் போனா மானம் போயிராது? இவன் கையை எலைக்குக் குறுக்க வெச்சு மறைப்பான். நான் வெரல் சந்துல ஊத்துவேன். போதும் அம்மா, போதும் அம்மாங்கறான். கண்ணுல தண்ணி வந்துரும் அவனுக்கு. பாசத்துலதான்.

ஆனா கோலு விழுகல. இம்புட்டுப் பண்ணியும் விழுகல. மேட்ச்சு மேட்ச்சா போறான், தொங்குன மூஞ்சியோட வர்றான். ஒரே ஒரு தடவை அடிச்சான், அதையும் செல்லாதுன்னுட்டாங்க. ஆப்சைடாம். அப்படின்னா என்னன்னு கேட்டேன். "பஸ்சு வந்து நிக்கறதுக்கு முன்னாலயே சன்னல்ல துண்டு போட்டு எடம் புடிக்கறீங்கல்ல, அது அங்க செல்லாது"ன்னாரு வீட்டுக்காரரு. இதென்ன அநியாயம், முந்திக்கறவனுக்குத்தான எடம்?

கிளப்பு செகரட்டரி ஒருத்தரு வீட்டுக்கே வந்து, "பொங்கலுக்குள்ள கோலு வரலைன்னா வேற ஆளு பாத்துருவோம்"னு சொல்லிட்டுப் போனாரு. ஒடம்பு கனமா இருக்குது, ஓட்டம் வரலைங்கறாரு. கனமாம். அவரு தொந்தியை அவரே ஒரு தடவை பாத்துட்டு வந்து பேசியிருக்கலாம். அன்னைக்கு ரமோன் மாடிப்படியிலயே உக்காந்து முழங்காலைத் தடவிக்கிட்டு இருந்தான். எனக்குப் பொறுக்கல. அடுத்த மேட்ச்சுக்கு இன்னொரு கோழி சேத்து அடிச்சேன்.

அப்பத்தான் மாசாணியாத்தா கண்ணைத் தொறந்தா. ஆனைமலையில எங்கண்ணன் பேத்திக்குக் காது குத்து, அன்னைக்குன்னு பாத்து மேட்ச்சு. விடியறதுக்குள்ள எந்திரிச்சு எல்லாத்தையும் ஆக்கி வெச்சுட்டு, "நேரத்துக்கு அவனுக்குச் சூடு பண்ணிக் குடுங்க"ன்னு இவருகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேன். காது குத்து முடிஞ்சு, இம்புட்டு தூரம் வந்தோமேன்னு மாசாணியாத்தாளைப் பாக்கப் போனேன். அங்க மொளகா அரைச்சுப் பூசுவாங்கல்ல, நமக்குக் கெடுதல் பண்ணுனவங்களுக்கு. நான் எதுத்த டீமுல கோலு காக்கற கோலிக்கு அரைக்கலாம்னு மொளகாயக் கையில எடுத்துட்டேன். அப்புறம் மனசு கேக்கல. அவனும் ஒரு தாய் பெத்த புள்ளைதான. "ஆத்தா, அவனுக்கு ஒரு கெடுதலும் வேண்டாம், பந்தை மட்டும் உடட்டும்"னு கும்புட்டுட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா வாசல்லயே ரமோன் என்னையத் தூக்கி ஒரு சுத்து சுத்தறான். ரெண்டு கோலு. எதுத்த டீமு கோலிக்குக் காலு சந்துல ஒண்ணு. நான் சொன்னபடி ஆத்தா உட வெச்சுட்டா பாரு. உள்ள போயி பிரிட்ஜைத் தொறந்தா ஆக்கி வெச்சது அப்படியே இருக்குது. "ஏனுங்க, சோறு போடலையா?"ங்கறேன். மறந்துட்டாராம். ரெண்டு வாழப்பழமும் ஒரு சொம்பு மோரும் குடுத்து அனுப்பிச்சாராம். பாவி மனுசா, வெறும் வயித்தோட புள்ளையை அனுப்பிச்சீங்களேன்னு கத்துனேன். அந்த வயித்தோடயே ரெண்டு போட்டான்னா, அது ஆத்தா சத்தியில்லாம வேற என்னன்னு கேட்டேன். அவரு பிரிட்ஜையே பாத்துட்டு நின்னாரு. அப்புறம், "ஆமா புள்ள, சாமி சத்திதான். அடுத்த மேட்ச்சுக்கும் போயிட்டு வா"ன்னாரு.

எனக்கு மயக்கமே வந்துருச்சு அம்மிணி. நீ அவரைப் பத்தித் தெரிஞ்சுக்கோணும். பேரு சென்னியப்பன், சென்னிமலை முருகன் பேரு, வெச்சது அவங்கப்பா. ஆனா இவரு கறுப்புச் சட்டைக்காரரு. எங்க கல்யாணத்துக்கு ஐயரு கெடையாது. என்ற கூட ஒரு கோயிலு வாசப்படி மிதிச்சது கெடையாது. வீட்டுல சாமி படம் மாட்ட நான் வருசக்கணக்கா சண்டை போட்டிருக்கறேன். அந்த மனுசன் சொல்றாரு, கோயிலுக்குப் போயிட்டு வான்னு. ரமோன் போட்ட கோலுல எனக்குப் பெருசு எது தெரியுமா? இந்தக் கல்லு கரைஞ்சதுதான்.

அதுக்கப்புறம் மேட்ச்சு வந்தாப் போதும், அவரே விடியக்காலம் எழுப்பி உடுவாரு. அவரே ஸ்கூட்டர்ல கொண்டாந்து பஸ்சு ஏத்தி உடுவாரு. பழனி போனேன், பண்ணாரி போனேன், சிவன்மலை போனேன். ஒரு நாளு காலு வலிக்குது, பக்கத்துல பேரூருக்குப் போயிட்டு வந்துர்றனேன்னேன். "பக்கத்துல இருக்கற சாமிக்கு சத்தி பத்தாது புள்ள, பொழுது சாயறப்ப வீடு வந்து சேர்ற மாதிரி தூரமா பாரு"ங்கறாரு. சமைச்சு வெச்சுட்டுப் போறேன்னா, "வேண்டுதல் நாள்ல அடுப்புப் பத்த வெக்கக் கூடாது"ங்கறாரு. எனக்கே தெரியாத மொறையெல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்குது. அப்ப ரமோனுக்கு என்னங்கன்னா, "அவன் பேருல வேண்டுதலு, அவனும் அரை விரதம்தான் இருக்கோணும்"னுட்டாரு. பாரு, பக்தி லேட்டா வந்தாலும் எம்புட்டு கெட்டியா வந்திருக்குது.

ரமோன் போட்டுத் தள்ளுனான் அம்மிணி. பொங்கலுக்குள்ள கிளப்புலயே அவந்தான் எச்சா கோலு. பேப்பர்ல படம் வந்துச்சு. பழனிப் பஞ்சாமிர்தத்தை வெரல்ல வழிச்சு நக்குவான், மேட்ச்சு முடிஞ்சு விடிஞ்சா, மக்யா நாளு நான் போடறதையெல்லாம் மிச்சமில்லாம திம்பான். அவரும் அவனும் பட்டறையில உக்காந்து என்னமோ பேசிப்பேசிச் சிரிப்பாங்க. நான் போனா கம்முனு ஆயிருவாங்க. ஆம்பளைங்க பேச்சு, நமக்கு எதுக்கு.

ஆனா எனக்கு ஒரு கொறை. ஒரு கோலைக்கூட நான் கண்ணால பாக்கல. அவன் பந்தை ஒதைக்கறப்ப நான் எங்கியாவது ஒரு கோயிலு க்யூவுல நிப்பேன். வாடகைக்கு வந்தவந்தான், நான் பெக்கல, வளக்கல. இருந்தாலும் ஆசை இருக்காதா அம்மிணி?

கடைசி மேட்ச்சு வந்துச்சு. பிரேசில்ல இருந்து ஒரு எளவட்டத்தைக் கூட்டியாரப் போறாங்கன்னு பேச்சு. இந்த மேட்ச்சை ஜெயிச்சுக் குடுத்தா ரமோனுக்கு இன்னொரு வருசம், இல்லைன்னா மீன் டப்பா. நான் சொல்லிப்போட்டேன், இன்னைக்கு கிரவுண்டுக்கு வர்றேன்னு. வீட்டுக்காரரு மூஞ்சி வெளிறிப் போச்சு. "ராமேஸ்வரம் போயிட்டு வா, டிக்கெட்டு போட்டுத் தர்றேன்"ங்கறாரு. மாட்டேன்னுட்டேன். ரமோன் படியில நின்னு கேட்டுட்டு இருந்தவன், எறங்கி வந்து என்ற கையைப் புடிச்சு, "அம்மா வா"ன்னான். அவ்வளவுதான். கோயிலுக்குப் போகலைன்னா விரதம் கெடையாதுல்ல, அடுப்பைப் பத்த வெச்சேன்.

என்னென்ன பண்ணுனேன்னு கேக்காத, சொன்னா உனக்குப் பசிக்கும். எலையைப் பாத்துட்டு ரமோன் அவரைப் பாத்தான். அவரு எனக்குப் பின்னால நின்னு என்னமோ கையை ஆட்டிட்டு இருந்தாரு, ஈ தொரத்துனாராம். அப்புறம் அவன் என்னையப் பாத்தான். உக்காந்துட்டான். போதும்னான். நான் மொறையை உடல. ஒரு பருக்கை மிச்சம் வெக்காம எந்திரிச்சான்.

கிரவுண்டுல எம்புட்டுக் கூட்டம். கண்ணு எங்க பாத்தாலும் தலை. ஆனா பந்து அங்க போனா இவன் இங்க நடந்து வர்றான். மூச்சு வாங்குது. கோலுக்கு முன்னாலயே ஒரு பந்து கால்ல வந்து விழுந்துச்சு, நானே ஒதைச்சிருப்பேன், அதை வானத்துக்கு அடிச்சான். எனக்குப் பின்னால ஒருத்தன், "இந்தக் கெழவனைப் படுக்கப் போடுங்கய்யா"ங்கறான். திரும்பி, உங்கப்பனைப் போடுடான்னேன். வாய்தான் அப்படிச் சொல்லுச்சு, மனசு வேற கேக்குது. யாரு தப்பு? என்ற தப்பு. இத்தனை நாளு கோயில்ல நின்னு போட வெச்சவ, இன்னைக்கு எனக்குப் பாக்கோணும்னு ஆசைப்பட்டு சாமியை உட்டுட்டு வந்து உக்காந்திருக்கறேன். என்ற ஆசைக்காக அவன் பொழைப்பு போகப்போகுது.

பாதி ஆட்டம் முடிஞ்சதும் எந்திரிச்சேன். "உக்காரு புள்ள, சித்த நேரம் போனா சரியாயிரும்"னு சீலையைப் புடிச்சு இழுக்கறாரு. சரியாயிருமாம். உதறிட்டு வெளிய வந்தேன். வண்டி நிறுத்தற எடத்துல வேப்பமரத்தடியில ஒரு சின்னப் புள்ளையாரு. கையில தேங்கா இல்ல, சூடம் இல்ல. காதைப் புடிச்சுட்டுத் தோப்புக்கரணம் போட ஆரம்பிச்சேன். இந்த வயசுல, அந்த வெயில்ல. டோக்கன் குடுக்கறவன் வாயைப் பொளந்துட்டுப் பாக்கறான், பாருடான்னு உட்டுட்டேன். புள்ளையாரப்பா, எனக்குப் பாக்க வேண்டாம். அவன் போட்டாப் போதும். எனக்குப் பாக்கவே வேண்டாம். இதையே சொல்லிச் சொல்லி உக்காந்து எந்திரிச்சேன். முழங்கால் ரெண்டும் கழண்டு போச்சு.

அப்ப வந்துச்சு அம்மிணி அந்தச் சத்தம். மரத்துல இருந்த காக்காயெல்லாம் பறந்துச்சு. ரமோன், ரமோன்னு உள்ள கத்தறாங்க. ஓடிப்போயி எட்டிப் பாக்கலாம், கேட்டு தொறந்துதான் கெடக்குது. நான் திரும்பக்கூட இல்ல. ஆட்டம் முடியற வரைக்கும் புள்ளையாரையே பாத்துட்டு நின்னேன். எனக்கு அழுகை அழுகையா வருது.

அவருதான் மொதல்ல வந்தாரு, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. "போட்டுட்டான் புள்ள. செமிச்சிருச்சு"ன்னாரு. என்ன செமிச்சுதுன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. சந்தோசத்துல ஒளறுறாரு மனுசன். அப்புறம் ரமோன் வந்தான், வேர்வையும் மண்ணுமா. குனிஞ்சு என்ற மூஞ்சியைப் பாத்து, "அம்மா, கோல், பாத்த?"ன்னான். சின்னப் புள்ளை மார்க்கு வாங்கிட்டு வந்து கேக்கற மாதிரி. நான் என்ன சொல்றது? "பாத்தேன் சாமி, நல்லாப் பாத்தேன்"னு சொல்லிப்போட்டேன். அவனுக்கு அம்புட்டு சந்தோசம்.

இன்னொரு வருசம் கெடைச்சிருச்சு. பாவாத்தா இப்ப, ரமோன் காலி பண்ணுனா மாடியை அவ மருமகனுக்குக் குடு, அவன் பரிச்சை எழுதறான், ராசியான வீடுன்னு வந்து நிக்கறா. இருக்கட்டும், நிக்கட்டும்.

இன்னைக்கு இந்த வருசத்தோட மொத மேட்ச்சு. விடியறதுக்குள்ள எழுப்பி, அவருதான் பஸ்சு ஏத்தி உட்டாரு.

என்ன அம்மிணி, போன்ல என்ன தேடற? அந்தக் கோலா? அதுல இருக்குதுன்னு எனக்கும் தெரியும். பட்டறையில இருக்கறவங்க, லீவுக்கு வந்த என்ற மகன், ரமோனே ஒருக்கா, எல்லாரும் மூஞ்சிக்கு முன்னால நீட்டிட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டேன். பாக்க வேண்டாம்னு புள்ளையாருகிட்டச் சொல்லி வாங்குன கோலு அது. நான் பாத்து, அது போயிருச்சுன்னா?

அந்தப் பக்கம் திருப்பிக்க. நான் சன்னல்ல பாத்துட்டு இருக்கறேன். நீ பாரு கண்ணு, நல்லாப் பாரு. பாத்துட்டு, உள்ள போச்சான்னு மட்டும் எனக்குச் சொல்லு.